முழங்கைக்குப் பின்னால்

புகைப்படம் என் உள்ளங்கை அளவு.
ஸ்பிட்ஃபயரின் வாலும் பாதி உடலும் அதில் இருக்கின்றன.
மூக்கு சட்டத்துக்கு வெளியே.
தேதியும் வெளியே: 1942, மார்ச்சோ ஏப்ரலோ.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்து.
அதன்மேல் முழங்கையை ஊன்றி நிற்கிறான் ஒரு மெக்கானிக்,
சிகரெட் பற்றவைக்கப் போகிறவன் மாதிரி.
மேல் வளைவு தெரிகிறது, அடி வளைவு தெரிகிறது.
சி-யா, ஜி-யா, ஓ-வா
என்று சொல்ல வேண்டிய இடத்தில் சட்டைக் கை.

பதினோரு மாதம் அவனைத் திட்டியிருக்கிறேன்.
கொஞ்சம் தள்ளி நில்லேன், மகராசனே.

பகலில் நான் பல் கட்டுகிறேன், பிர்கிர்காராவில்.
என் தொழிலில் வெள்ளைக்குப் பதினாறு எண்கள்.
ஆளை ஜன்னலோரம் உட்காரவைத்து,
உதட்டுச் சாயத்தைத் துடைக்கச் சொல்லி,
வடக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்வேன்.
அப்படிப்பட்டவளுக்கு
ஒரு நீலம் பிடிபடவில்லை.

பாலைவனத்துக்கென்று மண் நிறத்தில் வந்த விமானங்கள்.
கடல்மேல் பறக்க வேண்டும் என்றானதும்
கப்பல் தளத்திலேயே, கிடைத்த டப்பாவைத் திறந்து பூசினார்களாம்.
என்ன நீலம் என்று எழுதிவைக்க
அன்று யாருக்கும் நேரமில்லை.
அந்தக் கால ஃபிலிம் வேறு பொய் சொல்லும்:
மஞ்சளைக் கரியாக்கும், நீலத்தை வெளுத்துவிடும்.
எங்கள் மொழியில் நீலம் என்கிற சொல்லே
அரபியில் கண்மையின் கருப்பாக இருந்து வந்தது.
சொல்லையும் நம்புவதற்கில்லை.

சேதப் பட்டியல்கள், எண்ணெய் ரசீதுகள்,
ஒரு விமானியின் பறப்புக் குறிப்பேட்டின் நகல்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன்.
வரிசை எண் இருக்கிறது.
விழுந்த இடம் இருக்கிறது: ஃபில்ஃப்லாவுக்குத் தெற்கே நான்கு மைல்.
விழுந்தவனின் வயது இருக்கிறது. இருபது.
எழுத்து இல்லை.

கடைசியில், மார்சஷ்லோக்கில், ரொசார்யு கிரிஷ்டியின் கோழிக்கூடு.
அதன் கதவு ஓடுதளத்திலிருந்து வந்த தகடு என்று
மீன் சந்தையில் யாரோ சொல்லியிருந்தார்கள்.
பல் சுரண்டும் கருவியால் ஓரத்தில் சுரண்டினேன்.
பச்சை. கீழே வெள்ளை. கீழே இன்னொரு பச்சை.
கோழிகள் ஒவ்வொன்றாக வந்து பார்த்துவிட்டுப் போயின.
பிறகு, நகக்கண் அளவுக்கு, அது.
மழைக்கு முந்தைய அரைமணி நேரக் கடல்.

படத்தை நீட்டினேன்.
ரொசார்யு நிறத்தை விட்டுவிட்டார், எழுத்தைப் பார்த்தார்.
"இது அச்சுத் தகடு வைத்து அடித்ததில்லை.
படகுக்குக் கண் எழுதுகிற கை.
மேல் வளைவு தடித்துத் தொடங்கி நுனியில் மெலிகிறது, பாருங்கள்.
புருவம் போட்டே பழகினவன்."
யார் என்றேன். தோளைக் குலுக்கினார்.
அந்த வருஷம் பாதி ஊர் அங்கேதான் கூலிக்கு நின்றதாம்.
கிளம்பும்போது இரண்டு முட்டை கொடுத்தார்.

பெட்டியோடு வந்த ஒட்டுப்படத்தைத் தள்ளிவைத்தேன்.
எழுத்துகள் அதில் வங்கிப் பாஸ்புக் மாதிரி அத்தனை ஒழுங்கு.
மூன்று முடி மட்டும் விட்டுக் கத்தரித்த தூரிகையால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புருவம் போட்டேன்.
கீழே கவிழ்த்து இன்னொன்று.
நடுவில் கை நின்றுவிட்டது.

பிறகு மெழுகில் ஓர் ஆளைச் செதுக்கினேன்,
பல்லுக்கு வார்ப்பெடுக்கிற அதே மெழுகு.
இரண்டரை சென்டிமீட்டர் உயரம்.
சட்டைக் கையில் மடிப்புகள் வைத்தேன்,
சிகரெட்டையும் மறக்கவில்லை.
முழங்கையை அதன் இடத்தில் ஊன்றினேன்.

மோஸ்தா அரங்கில் நடுவர் நீலத்துக்குத் தலையாட்டினார்.
டார்ச் அடித்தார், இந்தப் பக்கம் குனிந்தார், அந்தப் பக்கம் குனிந்தார்.
கைக்குப் பின்னால் என்ன எழுத்து என்றார்.
அவன் நகர்ந்தால்தான் தெரியும் என்றேன்.
தாளில் ஏதோ மதிப்பெண் எழுதினார்,
நான் எட்டிப் பார்ப்பதற்குள்
கையால் மறைத்துக்கொண்டார்.